‘கிளவுட்ஸ்ட்ரீட்’ நாவலை வாசிப்பது எப்படி: வீடு, உறவு, தண்ணீர்

டிம் விண்டன் எழுதிய ‘கிளவுட்ஸ்ட்ரீட்’ 1991-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் மைல்ஸ் ஃப்ராங்க்ளின் விருதை வாங்கிய நாவல். கதை முழுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில், பெரும்பாலும் பெர்த் நகரில் நடக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் நம்மில் பலருக்கு அந்த ஊரில் ஒரு சித்தப்பாவோ படிக்கப்போன பிள்ளையோ இருப்பார்கள். ஐந்து மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம். அதனாலேயே இங்கே வாசகர் வட்டத்துக்கு ஓர் ஆஸ்திரேலிய நாவல் வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஆனால் இதை எப்படி வாசிப்பது என்பதில்தான் சிக்கல். துணைப்பாடக் குறிப்புகளிலும் இணையத்திலும் சுற்றும் அட்டவணைகளைப் பார்த்திருப்பீர்கள்: வீடு என்றால் ஒற்றுமை, ஆறு என்றால் மறுபிறப்பு, கூடாரம் என்றால் தனிமை. தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்ய வசதிதான். இந்த நாவல் அந்தப் பட்டியலுக்குள் அடங்காது. ஒரே பொருள் முதல் பாதியில் ஒன்றும் பின்பாதியில் வேறொன்றும் செய்கிறது, அந்த மாற்றத்தில்தான் கதையே இருக்கிறது. குறியீடு என்றால் என்ன என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இந்தப் பொருளை யார் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள், தொட்டபின் என்ன மாறியது என்று கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்விகளைத்தான் வெவ்வேறு இடங்களில் போட்டுப் பார்க்கப்போகிறது. கதையின் முடிவு வரை பேசுவேன், அதைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஆட்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பிக்கிள்ஸ் குடும்பம்: சாம், டாலி, பிள்ளைகள் டெட், ரோஸ், சப். வலப்பக்கம் லாம்ப் குடும்பம்: லெஸ்டர், ஓரியல், பிள்ளைகள் ஹேட், இலேன், குவிக், ஃபிஷ், ரெட், லான். பெயர்களுக்குப் பழக முதல் அம்பது பக்கம் ஆகும், அதுவரை அந்தத் தாள் பக்கத்திலேயே இருக்கட்டும். விண்டன் உரையாடலுக்கு மேற்கோள் குறி போடமாட்டார், யார் பேசுகிறார்கள் என்று திணறும் இடத்தில் கொஞ்சம் சத்தமாக வாசித்துப் பாருங்கள், குரல் தானாகப் பிரிந்துவிடும். கொச்சைச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டத் தேவையில்லை.

பெயர்களுக்குக் கீழே, ஒவ்வொரு குடும்பமும் எதை இழந்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தது என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். சாம் வேலைசெய்த இடத்தில் இயந்திரத்தில் சிக்கிக் கைவிரல்களை இழந்தவன், சூதாடி, எல்லாம் அதிர்ஷ்டத்தின் கையில் என்று நம்புகிறவன். மதுக்கடை நடத்திய உறவினர் ஜோயல் இறந்தபின் இந்தப் பெரிய பழைய வீடு அவனுக்கு வருகிறது, இருபது ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கூடவே வந்த பணத்தைக் குதிரையில் விட்டுவிடுகிறான். வீடு இருக்கிறது, சோற்றுக்கு வழியில்லை, அதனால் பாதி வீட்டை வாடகைக்கு விடுகிறான்.

வாடகைக்கு வருகிறவர்கள்தான் லாம்ப் குடும்பம். மார்கரெட் ரிவர் பக்கம் விவசாயம் பார்த்தவர்கள், கடவுள் நம்பிக்கை மிகுந்தவர்கள். இரவில் இறால் பிடிக்கப்போன இடத்தில் வலைக்கடியில் சிக்கிய ஃபிஷ் மூச்சு நின்றுபோகிறான், தாய் ஓரியல் நெஞ்சில் குத்திக் குத்தி உயிரை மீட்கிறாள். அற்புதம் நடந்தது என்று ஊரே கூடுகிறது. ஆனால் பையன் முழுதாகத் திரும்பவில்லை. மூளை பாதித்து, கடைசிவரை சின்னப் பிள்ளையாகவே இருக்கிறான், உயிர்கொடுத்த தாயை மட்டும் அடையாளம் கண்டுகொள்வதே இல்லை. அந்த இடத்தை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போக மனசு வர நேரம் பிடித்தது.

ஆக ஒருபக்கம் எல்லாம் விதி என்று உட்கார்ந்திருக்கும் வீடு, மறுபக்கம் உழைத்தால் எதையும் சரிசெய்யலாம் என்று முன்னறையிலேயே மளிகைக் கடை திறந்துவிடும் வீடு. இந்த லாம்ப் குடும்பமும் ஒரு விஷயத்தில் விதியிடம்தான் போகிறது: யார் எதைச் செய்வது என்று முடிவெடுக்க மேசையில் கத்தியைச் சுழற்றி விடுகிறார்கள். வாசிக்கும்போது கத்தி சுழலும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஒட்டுச்சீட்டு வையுங்கள் (நூலகப் பிரதி என்றால் பென்சில்கூடப் படக்கூடாது). முதலில் விளையாட்டாக இருப்பது பிறகு எப்படிக் கனக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

காலத்தைப் பக்கத்தில் வையுங்கள்

கதை 1943 வாக்கில் தொடங்கி 1963 வாக்கில் முடிகிறது. அதே இருபது ஆண்டுகளை உங்கள் தாளின் ஓரத்தில் சிங்கப்பூருக்கும் எழுதுங்கள். பிக்கிள்ஸ் குடும்பம் வீடு மாறிய காலத்தில், ஜப்பானியர் ஆட்சியில் இந்தத் தீவின் பெயர் சியோனான். 1943 ஜூலையில்தான் நேதாஜி இங்கே வந்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது 1960-இல், புக்கிட் ஹோ சுவீ தீ 1961-இல், மலேசியாவோடு இணைந்தது 1963-இல். அப்புறம் உங்கள் தாத்தா பாட்டி அந்த ஆண்டுகளில் எங்கே இருந்தார்கள் என்று வீட்டில் கேளுங்கள். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பா, ரயில்வே குவார்ட்டர்ஸா, கடைவீட்டில் மேல்மாடி அறையா? சுவருக்கு அந்தப்பக்கம் யார் இருந்தார்கள், சமையலறையை யாரோடு பகிர்ந்தார்கள் என்றும் கேளுங்கள். வயதானவர்களிடம் இதைக் கேட்டால் பேச்சு நிற்காது.

இதை வெறும் ஒப்பீட்டுக்காகச் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் என்பது புத்தகத்தில் எவ்வளவு நுணுக்கமாக வருகிறது என்று பார்க்க அந்த ஞாபகம் உதவும். யார் கழிவறைக்கு எந்த நேரத்தில் போவது, அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழுந்தும் விழாத மாதிரி இருப்பது, வாடகைக்கு வந்தவர்களின் கடை ஓடும்போது சொந்தக்காரன் மனதில் ஏறும் புழுக்கம். வீட்டை நடுவாகப் பிரித்து, முற்றத்தில் வேலியும் போட்டுவிடுகிறார்கள். அந்த எல்லையை முதலில் யார் தாண்டுகிறார்கள், எதற்காகத் தாண்டுகிறார்கள் என்பதை வரிசையாகக் குறித்துவைத்தாலே குடும்பம் பற்றிய பாதிக் கட்டுரை தயார்.

ஜன்னலில்லாத அறை

இந்த நாவலைப் பற்றிப் பேசும் பலர் இரண்டு ஏழைக் குடும்பங்கள் அடித்துக்கொண்டு சேர்ந்த கதை என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி அந்த வீட்டின் நடுவில் இருக்கும் ஜன்னலில்லாத நூலக அறையில் இருக்கிறது, நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டு குடும்பங்களும் வருவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு செல்வந்தப் பெண்மணி இருந்தாள். பூர்வகுடிச் சிறுமிகளைக் கூட்டிவந்து, நாகரிகம் கற்றுத்தந்து, வெள்ளைக்காரச் சீமாட்டிகள் போல ஆக்குகிறேன் என்று அங்கே ஒரு விடுதி நடத்தினாள். அந்தச் சிறுமிகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள். ஒருத்தி எறும்பு மருந்தைக் குடித்து அந்த நூலக அறையிலேயே செத்துப்போகிறாள். பெண்மணி மற்றப் பிள்ளைகளை வெளியே துரத்திவிடுகிறாள், சில வாரங்களில் அவளும் அதே அறையில் பியானோ முன் உட்கார்ந்தபடி, முகம் கட்டையில் விழுந்து இறக்கிறாள். பிறகு வருகிற யாருக்கும் அந்த அறை பிடிப்பதில்லை. ஃபிஷ் மட்டும் உள்ளே போய்ப் பியானோவைத் தட்டுகிறான், சுவரில் இருக்கிறவர்களைப் பார்க்கிறான்.

இந்த இடத்தில் நாவலை விட்டு வெளியே வந்து கொஞ்சம் வரலாறு படியுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிப் பிள்ளைகளின் சட்டப்பூர்வப் பாதுகாவலராக அரசு அதிகாரி ஒருவரை ஆக்கியது, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளை எடுத்துச்செல்ல வழிவிட்டது. அப்படிப் பிரிக்கப்பட்டவர்களைத்தான் இன்று ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்கிறார்கள். அதைப்பற்றிய தேசிய விசாரணை அறிக்கை 1997-இல் வந்தது, நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008-இல். நாவல் இரண்டுக்கும் முந்தையது. இன்னொன்று: பெர்த் நகரின் மையப் பகுதிக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் பூர்வகுடியினர் நுழைய 1927 முதல் 1954 வரை தடை இருந்தது. அந்த நிலம் நூங்கார் மக்களுடையது. அவர்கள் ஊரிலேயே அவர்களுக்குச் சீட்டு வேண்டும்! கதையின் முதல் பத்தாண்டு இந்தத் தடைக்காலத்துக்குள்தான் விழுகிறது. இதைத் தெரிந்துகொண்டு, நாவலில் எங்கிருந்தோ வந்து நின்று பேசிவிட்டு மறையும் அந்தக் கறுப்பு மனிதனின் காட்சிகளைத் திரும்ப வாசியுங்கள். நிபந்தனைக்காலம் முடிந்து சாம் வீட்டை விற்க நினைக்கும்போது, ஓர் இடத்தை அப்படி உடைக்கக் கூடாது என்ற பொருளில் அவனைத் தடுப்பது அந்தக் கறுப்பு மனிதன்தான். இடத்தின் அருமையைச் சொல்வது, அந்த இடத்தில் இருக்கவே உரிமை மறுக்கப்பட்டவன்.

அப்போது கேள்வி மாறிவிடும். “இவர்களுக்கு இந்த வீட்டில் இடம் கிடைத்ததா?” என்பதோடு, “யாருடைய இடத்தில் இவர்களுக்கு இடம் கிடைத்தது?” என்றும் கேட்க வேண்டிவரும். கடைசிப் பகுதியில் ரோஸும் குவிக்கும் கல்யாணம் செய்து, அவர்களின் குழந்தை ஹாரி அதே நூலக அறையில் பிறக்கிறான், அந்த நேரத்தில் சுவரில் இருந்த ஆவிகள் வெளியேறுகின்றன. பலர் இதை ஆனந்தமான முடிவு என்று வாசிக்கிறார்கள். என்னால் அவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பிறந்ததும் அந்தச் சிறுமியின் துயரம் தீர்ந்துவிட்டதா? அவள் போய்விட்டது விடுதலையா, இல்லை வீடு இவர்களுக்கு வசதியாகக் காலிசெய்து கொடுக்கப்பட்டதா? வாசகர் வட்டத்தில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் போடுங்கள். விண்டனை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால்தான் இதைக் கேட்காமல் விட மனம் வரவில்லை.

கேள்வியை நம் பக்கமும் திருப்பலாம். இந்தத் தீவின் வடக்குக் கரைச் சதுப்பில் ஒருகாலத்தில் ஓராங் செலேத்தார் மக்கள் படகுகளில் வாழ்ந்தார்கள், அவர்களின் சந்ததியினரை இன்று ஜொகூர்ப் பக்கம்தான் பார்க்கலாம். வந்தவர்கள் எப்படி வேர்விட்டோம் என்று நாம் நிறைய எழுதியிருக்கிறோம். முன்பிருந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

தண்ணீரை நெய்தல் போலப் பாருங்கள்

குறியீட்டை வாசிக்கத் தமிழ் வாசகருக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். தொல்காப்பியம் சொல்லும் முதல், கரு, உரி மூன்றும் போதும். நிலமும் பொழுதும் எது, அந்த நிலத்தில் இருக்கும் உயிரும் பொருளும் எவை, அவற்றினூடே ஓடும் உணர்ச்சி எது. இந்த வரிசையில் பார்த்தால், பொருளை உணர்ச்சியிலிருந்து பிய்த்து அட்டவணையில் ஒட்டத் தோன்றாது.

பெர்த் வழியே ஓடும் ஸ்வான் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம், ஆறும் கடலும் சேரும் பக்கம். கரு, இறால், மீன், வலை, படகு, விளக்கு. உரி? ஃபிஷ் தண்ணீரைப் பார்த்து ஏங்குகிறான். தன்னில் பாதி அங்கே தங்கிவிட்டது, அதனிடம் போக வேண்டும், வீட்டார் விடமாட்டார்கள். காத்திருப்பும் இரங்கலும். நெய்தல் பாட்டுகளைப் பள்ளியில் படித்த யாருக்கும் இது அந்நியமாகத் தெரியாது. அதற்காகத் திணைப் பெயரை ஆஸ்திரேலிய நாவல்மீது அப்படியே ஒட்டிவிடாதீர்கள், பார்வைப் பழக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிறித்துவச் சாயல் ஒன்றும் இதில் அழுத்தமாக இருக்கிறது: மீன், ஆட்டுக்குட்டி, முழுக்கு, உயிர்த்தெழுதல். அதை விட்டுவிட்டால் லாம்ப் குடும்பம் ஏன் கடவுளோடு கோபித்துக்கொண்டு திரிகிறது என்பதே புரியாது.

தண்ணீர் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபிஷைப் பறித்தது அது. குவிக்கும் ரோஸும் நெருங்குவதும் ஆற்றில் படகில்தான். பின்னால் போலீஸ்காரனாகும் குவிக், ஆற்றிலிருந்து மூழ்கிய ஒரு சிறுவனைத் தூக்குகிறான். பெர்த்தையே நடுங்கவைத்த கொலைகாரனின் மகன் அவன். 1960-களின் தொடக்கத்தில் நிஜமாகவே அந்த நகரில் நடந்த தொடர்கொலைகள் இதற்குப் பின்னணி. அந்தச் சடலத்தைப் பார்த்ததும் குவிக்குக்குத் தன் தம்பி ஞாபகம் வருகிறது, அதன்பின் நாம், அவர்கள் என்று மனிதர்களைப் பிரிக்க அவனால் முடிவதில்லை. பாத்திரங்களுக்கு இடம் தருவது பற்றி நாவல் சொல்வதில் மிகத் துணிச்சலான பகுதி இது: குடும்பம் என்ற வட்டத்துக்குள் கொலைகாரனின் பிள்ளைகூட வந்துவிடுகிறது.

பன்றி பேசுவது, வீடு முனகுவது, ஆவி நடமாடுவது எல்லாம் நிஜமா கனவா என்று யாராவது கேட்டால் ரொம்ப நேரம் வாதாட வேண்டாம். பேய்க்கதையும் குலதெய்வக் கதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே போகலாம்.

தாய்மார்கள்

குடும்பம் என்று தலைப்பு கொடுத்தால் பெரும்பாலோர் ஃபிஷ், குவிக் என்று சகோதரர்களைப் பற்றி எழுதுவார்கள். நீங்கள் டாலியிடம் போங்கள். குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் தாயை மதுக்கடையிலிருந்து கூட்டிவருவது சின்ன வயதிலேயே ரோஸின் வேலையாகிவிடுகிறது. அவளுக்கு அம்மாமீது வெறுப்பு, அந்த வெறுப்பு சாப்பாட்டின்மீது திரும்பி உடம்பு எலும்பாகிறது. வருடங்கள் கழித்து டாலி ஒரு ரகசியத்தை உடைக்கிறாள்: தன் அக்கா என்று நினைத்திருந்தவள்தான் தன்னைப் பெற்ற தாய். உறவின் பெயரே பொய்யாக இருந்த வீட்டில் வளர்ந்தவள் பிள்ளைகளுக்கு எப்படித் தாயாக இருப்பாள்? ரோஸ் மன்னித்துவிடுகிறாள் என்று ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள். அவள் முதலில் கேட்கிறாள், கூட உட்காருகிறாள், அதற்கப்புறம்தான் மெதுவாக ஏதோ இளகுகிறது.

மறுபுறம் ஓரியல். கடையை நடத்துகிறாள், எல்லோரையும் விரட்டி வேலை வாங்குகிறாள், தெருவுக்கே தளபதி. அவள்தான் தன் வீட்டுக்குள் தூங்க முடியாமல் பின்முற்றத்தில் கூடாரம் போட்டு ஆண்டுக்கணக்கில் அதில் வாழ்கிறாள். உழைப்பால் எதையும் கட்டிவிடலாம் என்று நம்பியவளுக்கு ஒரு கூரைக்கடியில் நிம்மதி இல்லை. நாவலின் கடைசிக் காட்சியில் அந்தக் கூடாரத்தை அவள் பிரிக்கிறாள். தனியாக அல்ல. ஜென்மப் பகையாளி போல இருந்த டாலி ஒரு முனையைப் பிடிக்க, ஓரியல் மறுமுனையைப் பிடிக்க, இருவரும் மடித்து மடித்துச் சிறு பொட்டலமாக்கி வீட்டுக்குள் போகிறார்கள். நீளமான பேச்சோ கட்டியணைப்போ கிடையாது. பெரிய துணியை இரண்டு பேர் மடிக்கும்போது ஒருவர் பக்கம் இன்னொருவர் நடந்து வந்தே ஆக வேண்டும், விண்டன் அதை மட்டும் காட்டுகிறார்.

எழுதும்போது

ஒரு மாணவர் இப்படி எழுதுவார்: “கூடாரம் ஓரியலின் தனிமையைக் குறிக்கிறது.” தப்பில்லை, ஆனால் இந்த வாக்கியத்துக்குப் பின் சொல்ல எதுவும் இருக்காது. இப்படி மாற்றலாம்: “மகனை மீட்டும் அவனிடம் தாயாக முடியாத ஓரியல், தான் நடத்தும் வீட்டுக்கே வெளியே போகிறாள். அவள் திரும்ப வருவது கடவுள் பதில் சொன்னதாலோ ஃபிஷ் அவளை அடையாளம் கண்டதாலோ அல்ல, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு முனையைப் பிடித்ததால்.” இதில் பொருள் இருக்கிறது, ஆள் இருக்கிறார், மாற்றம் இருக்கிறது, எழுதியவரின் கருத்தும் வந்துவிட்டது. மேற்கோள் சின்னதாக இருக்கட்டும், அந்த மேற்கோளில் உள்ள வினைச்சொல்லை விளக்குங்கள்.

தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாலும், ஒருமுறை வீட்டில் தமிழில் வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிக்குக் கதை சொல்வது மாதிரி சொல்லும்போது அட்டவணை மொழி உதிர்ந்துவிடும், பாட்டி கேட்கும் “அப்புறம் ஏன் அவ வெளியே போய்ப் படுத்தா?” என்ற கேள்வி நல்ல தேர்வுக் கேள்விதான்.

வாசகர் வட்டத்தில் பேசுவதற்கு ஒரே ஒரு விவாதத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்: ஃபிஷின் முடிவு. ஆற்றங்கரைப் பிக்னிக்கில் அவன் தண்ணீருக்குள் போகிறான், அந்தக் கணத்தில் முழு மனிதனாகிறான், நாம் இதுவரை கேட்ட கதைசொல்லும் குரல் அவனுடையது என்று தெரியவருகிறது. குடும்பம் அவனை இழந்ததா, அவன் குடும்பத்தை எட்டிவிட்டானா என்று ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரோ, மாற்றுத்திறனுள்ள பிள்ளையை வளர்ப்பவரோ கூட்டத்தில் இருந்தால் அவர் முதலில் பேச விரும்புகிறாரா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சாவில்தான் ஃபிஷ் முழுமை அடைகிறான் என்ற வாசிப்பு சிலருக்கு வலிக்கும், அந்த வலியும் நாவலைப் பற்றிய நியாயமான விமர்சனம்தான். அதற்குப் பிறகு முதல் பக்கத்தைத் திறந்து எல்லோருமாகச் சத்தமாக வாசியுங்கள். அதே பிக்னிக்தான் அங்கே இருக்கிறது, இப்போது யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாசிப்பீர்கள்.